இடது நாபைத் திருகினால் வலது பாக்ஸ் கத்துகிறதா?



கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எதை எடுத்தாலும் நமது மாவட்டத்தில் மைக் செட் இல்லாமல் நடப்பதில்லை. அதனால்தான் சில குழுக்கள் பாத்திரம், சேர் வாடகைக்கு விடுவதோடு, ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு பாக்ஸையும் சேர்த்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். புதுசுக்குப் பணம் பத்தாது. இருபது, முப்பது வருஷம் ஓடிய செட்டாகத்தான் கிடைக்கிறது. பழைய செட் என்றால் பல கை பட்டிருக்கும். கழற்றி மாட்டியதில் இடமும் வலமும் மாறிப்போன செட்டுகளை நாங்கள் களப்பணிக்குப் போகும் இடங்களில் பார்க்கிறோம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

"மாறினா மாறிட்டுப் போகுது, சத்தம் வந்தா போதாதா?" என்று கேட்பீர்கள். பாட்டு மட்டும் போட்டால் வித்தியாசம் தெரியாதுதான். மைக் பிடித்துப் பேசும்போதுதான் தொல்லை. மேடைக்குப் பக்கத்தில் உள்ள பாக்ஸின் சத்தம் திரும்ப மைக்குக்குள் நுழைந்தால் 'கூ...' என்று ஊளையிடும். அந்தப் பாக்ஸை உடனே குறைக்க வேண்டும். நாம் திருகுவது ஒன்று, குறைவது மற்றொன்று என்றால் ஊளை நிற்காது, கூட்டம் காதைப் பொத்தும். செட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம்ம அக்காவைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொன்று, தெருவைப் பார்த்து வைத்த பாக்ஸை மட்டும் குறைக்க வேண்டிய நேரமும் வரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அந்த நேரத்தில் தெருப் பக்கம் குறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஹாலுக்குள் உள்ளதைக் குறைத்திருந்தால் பதில் சொல்ல வேண்டியது குழுதான்.

கல்குளம் பக்கத்துக் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். உள்கடன் எடுத்து செட் வாங்கினார்கள். இரண்டாவது வாடகையிலேயே இந்தக் கோளாறு தெரிந்தது. பழுது பார்க்கிறவரிடம் கொண்டு போனார்கள்.

"அண்ணே, இந்த நாபைத் திருப்பினா அந்தப் பாக்ஸ்ல சத்தம் கூடுது."

"போர்டு போயிருக்கும்க்கா. மாத்தணும். 2,400 ஆகும்."

"திறந்து பாக்காமலே எப்படிண்ணே சொல்லுதீய?"

"இதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுக்கா."

ஊக்குநர் அக்கா செட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். பிறகு பார்த்தால் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்கள் இடம் மாறிக் கிடந்தன. ஒரு ஸ்குரூடிரைவர், பத்து நிமிஷம், வேலை முடிந்தது. எல்லா மெக்கானிக்கும் அப்படி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நேர்மையாக வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோளாறு எங்கே என்று நாம் சரியாகச் சொன்னால் அவர்களுக்கும் வேலை சுலபம்.

சானல் நமக்குத் தெரிந்ததுதான்

செட்டில் இடது சேனல், வலது சேனல் என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று நாம் சொல்லும் அதே ஆங்கிலச் சொல்தான் அது. வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்டீரியோ என்பது இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் கொண்டு வரும் இரண்டு வாய்க்கால். இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் 1931-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தமிழில் 1978-ல் வந்த 'ப்ரியா' படப் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை.

இரண்டு வாய்க்கால், இரண்டு மடை, இரண்டு வயல் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருவது செல்போனிலிருந்தோ பழைய டேப் ரிக்கார்டரிலிருந்தோ. அது செட்டின் பின்னால் உள்ள பின் வழியாக உள்ளே போகிறது. சிவப்புப் பின் வலது, வெள்ளைப் பின் இடது. சில பழைய ஒயரில் வெள்ளைக்குப் பதில் கறுப்பு இருக்கும். முன்னால் உள்ள வால்யூம் நாப்தான் மடை. பாக்ஸ்தான் வயல்.

இப்போது யோசியுங்கள். மடைக்கு முன்னால், அதாவது பின் மாட்டும் இடத்தில் மாறினால் என்ன ஆகும்? வலது தண்ணீர் இடது வாய்க்காலில் வரும். ஆனால் இடது மடை இடது வயலைத்தான் திறக்கும். ஆகவே பின் மாறுவதால் மட்டும் நாப் மாறாது. மடைக்குப் பின்னால், ஸ்பீக்கர் ஒயரில் மாறினால்தான் இடது மடையைத் திறந்தால் வலது வயல் நிறையும். நமது கோளாறு இதுதான் என்றால் போர்டை மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை.

பின்னும் மாறி, ஸ்பீக்கர் ஒயரும் மாறியிருக்கும் செட்டும் உண்டு. யாராவது சத்தம் இடம் மாறி வருதே என்று பின்னை மாற்றிக் குத்தி 'சரி' பண்ணியிருப்பார்கள். கேட்க எல்லாம் ஒழுங்காக இருக்கும், நாப் மட்டும் மாறியே இருக்கும். ஆளைக் குழப்புவது இதுதான்.

சோதித்துப் பார்ப்பது

முதலில் எது இடது என்று தீர்மானியுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்து மேடையைப் பார்க்கிறவருக்கு இடது கைப்பக்கம் இருப்பதே இடது பாக்ஸ். மேடையில் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து செட்டை இயக்குகிறவருக்கு அது வலது கைப்பக்கமாகத் தெரியும். செட்டில் பழுதே இல்லாமல் 'மாறிப்போச்சு' என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதே மாதிரி, செட்டின் பின்பக்கம் குனிந்து ஒயர் மாட்டும்போது நமது இடது கை செட்டின் வலது பக்கத்தில் இருக்கும். கையை நம்பாமல் அங்கே எழுதியிருக்கும் 'எல்', 'ஆர்' எழுத்தைப் படித்து மாட்டுங்கள். எல் என்றால் இடது, ஆர் என்றால் வலது.

பிறகு போனில் பாட்டைச் சின்னச் சத்தத்தில் ஓடவிட்டு, இரண்டு நாபையும் கால்வாசி வையுங்கள். இடது நாபை மட்டும் முழுவதும் குறையுங்கள். இடது பாக்ஸ் அடங்கினால் செட்டில் இந்தக் கோளாறே இல்லை. வலது பாக்ஸ் அடங்கினால் மேலே போவோம்.

செட்டை அணைத்துவிட்டு, வலது பின்னை மட்டும் உருவிவிடுங்கள். இடது பின் 'எல்' துளையிலேயே இருக்கட்டும். அணைக்காமல் உருவினால் 'டமார்' என்று அடித்து பாக்ஸ் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. மறுபடி போட்டால் ஒரு பாக்ஸில்தான் பாட்டு வரும், மற்றதில் லேசாக இரைந்தால் பயப்பட வேண்டாம். எந்தப் பாக்ஸ் பாடுகிறது என்று பாருங்கள்.

வலது பாக்ஸ் பாடினால் மாற்றம் மடைக்குப் பின்னால். செட்டை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, வலது பாக்ஸிலிருந்து வரும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே செட்டுவரை வாருங்கள். பெரும்பாலும் அது 'எல்' முனையில் மாட்டியிருக்கும். இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு என்பது மட்டும் மாறக்கூடாது. ஒரு பாக்ஸுக்கு மட்டும் சிவப்பு கறுப்பு மாறினால் இடது வலது சரியாகவே இருக்கும், ஆனால் பாட்டில் கனமான சத்தம் போய் ஓட்டை டப்பா மாதிரிக் கேட்கும். உரித்த ஒயரின் ஒரு இழைகூட பக்கத்து முனையைத் தொடக் கூடாது. தொட்டால் உள்ளே டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். அப்போது நிஜமாகவே செலவுதான்.

ஒயரெல்லாம் எழுத்துப்படி சரியாக இருந்தும் வலது பாக்ஸே பாடினால், உள்ளே முனைக்குப் போகும் ஒயரை யாரோ மாற்றிப் பத்தவைத்திருக்கிறார்கள்.

இடது பாக்ஸ் பாடுகிறது, ஆனால் அதைக் கூட்டிக் குறைப்பது வலது நாப் என்றால் வாய்க்கால் சரி, மடைதான் இடம் மாறிவிட்டது. கரகரவென்ற பழைய கண்ட்ரோலை மாற்றும்போது இது நடக்கும். ஒரே மாதிரி இரண்டு கண்ட்ரோல் இருந்தால் எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்காமல் கழற்றிவிடுகிறார்கள்.

சில செட்டில் வால்யூம் ஒன்றே இருக்கும், பக்கத்தில் பாலன்ஸ் என்று ஒரு நாப் இருக்கும். அதை இடது பக்கம் திருப்பினால் வலது கூடுகிறதா? அதே ஒற்றைப் பின் சோதனைதான். இடது பின் மட்டும் இருக்கும்போது வலது பாக்ஸ் பாடினால் ஸ்பீக்கர் ஒயர். இடது பாக்ஸே பாடியும், இடது பக்கம் திருப்பும்போது சத்தம் குறைந்தால் பாலன்ஸ் கண்ட்ரோலில் ஒயர் மாறியிருக்கிறது.

நாபை வலப்பக்கமாகத் திருப்பினால் கூடுவதற்குப் பதில் குறைகிறது என்பது வேறு கோளாறு. கண்ட்ரோலுக்கு மூன்று கால் உண்டு. நடுக்கால் சத்தத்தை எடுத்துக்கொண்டு போகும், ஓரக்கால் ஒன்றில் சத்தம் வரும், மற்றது எர்த்துக்குப் போகும். ஓரக்கால் இரண்டும் மாறிப் பத்தவைத்தால் இப்படி ஆகும். இரண்டு ஒயரை மாற்றி ஈயம் வைக்கிற வேலை, அவ்வளவுதான்.

மூடியை நாம் திறக்க வேண்டாம்

உள்ளே மாறியிருக்கிறது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கண்டன்சரில் கரண்டு கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். வால்வு போட்ட மிகப் பழைய செட் என்றால் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், விளையாட்டில்லை. எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் தகர உடம்புள்ள செட்டை ஓட்டாதீர்கள். நமது ஊரில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு செட்டைத் தொடுகிற பழக்கத்தை உடனே விட வேண்டும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "செட் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இடது பின் மட்டும் குத்தினா இடது பாக்ஸ்தான் பாடுது, ஆனா வலது நாப்தான் அதைக் குறைக்குது, கண்ட்ரோல் ஒயர் மாறியிருக்குண்ணே" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்கிறவரிடம் போர்டு மாற்றணும் என்று சொல்ல யாருக்கும் கொஞ்சம் யோசனை வரும். பழைய பாகம் எதையாவது மாற்றினால் அதைக் கையில் கேட்டு வாங்குங்கள், பில்லும் வாங்கிச் செலவுச் சீட்டோடு வையுங்கள்.

நாப் மட்டும் மாறியிருக்கிறது, கையில் பணமும் இல்லை என்றால் எங்கள் யோசனை இது. முன்பக்கம் உள்ள எழுத்தின் மேல் டேப் ஒட்டி 'இடது', 'வலது' என்று மாற்றி எழுதிவிடுங்கள். செட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பிறகு யாராவது உள்ளே சரிசெய்தால் அந்த டேப்பை அன்றைக்கே கிழித்துவிட வேண்டும்.

ஒயர்களின் இரண்டு நுனியிலும் கலர் டேப் சுற்றுங்கள், இடதுக்கு ஒரு கலர், வலதுக்கு ஒரு கலர். வாடகைக்குக் கொடுக்கும் முன்பும் திரும்பி வந்ததும் இடது நாபைக் குறைத்துப் பார்க்கும் அந்த ஒரு சோதனையை யாராவது ஒருவர் செய்து, வாடகை நோட்டில் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். மாற்றிக் கொண்டு வந்து வைத்திருந்தால், வந்தவர் நிற்கும்போதே ஒயரை மாற்றிப் போடச் சொல்லலாம்.