தீவை நகர்த்திய எழுத்தாளர்

இலங்கைத் தீவைச் சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி வைத்தவர் ஒருவர் உண்டு. 1979-இல் வெளிவந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' என்ற நாவலில் ஆர்தர் சி. கிளார்க் இதைச் செய்தார். கதை எழுதுகிறவர் எதை வேண்டுமானாலும் எழுதலாமே, இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அவர் தம் ஆசைக்காக நகர்த்தவில்லை. பௌதிகம் கேட்டதால் நகர்த்தினார். இது புரிய வேண்டுமானால், அவர் எழுத்தாளரான விதத்தையும் ஒரு சிறு கணக்கையும் நாம் பார்க்க வேண்டும்.

கிளார்க் 1917-இல் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த மலிவு விலை விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். இரண்டு புத்தகங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, ஊர் நூலகத்தில் கிடைத்த ஓலாஃப் ஸ்டேபிள்டனின் நாவல். மனித குலத்தின் வருங்காலத்தைப் பல கோடி ஆண்டுகளுக்கு நீட்டிச் சொல்வது அது. மற்றொன்று, டேவிட் லாசர் 1931-இல் எழுதிய விண்வெளிப் பயண நூல். அது கதையே அல்ல. ராக்கெட்டில் ஏறிப் பூமியை விட்டுப் போக முடியும் என்று விளக்கும் நூல். இந்த இரண்டாவது புத்தகம்தான் அவரை உருவாக்கியது என்பேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் விமானப் படையில் சேர்ந்தார். கண்ணுக்கு ஓடுபாதை தெரியாத வேளையிலும் ரேடார் உதவியால் விமானங்களைத் தரையிறக்கும் வேலை கிடைத்தது. அந்த நாட்களில்தான், 1945 அக்டோபரில், 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளியானது. அப்போது அவர் கல்லூரிப் பக்கமே போயிருக்கவில்லை!

கட்டுரையின் கருத்து இதுதான். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில் ஒரு துணைக்கோளும் பூமியை ஒருமுறை சுற்றினால், கீழே இருப்பவர்களுக்கு அது வானில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அதை எவ்வளவு உயரத்தில் வைப்பது? பென்சிலை எடுங்கள், நாமே கண்டுபிடிக்கலாம்.

சுற்றுக்காலத்தின் இருமடி, தூரத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது கெப்ளர் விதி. சந்திரன் நம்மிடமிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது; பூமியைச் சுற்ற ஏறத்தாழ 27 நாட்கள் ஆகின்றன. நமக்கு வேண்டியதோ 1 நாள். காலம் 27-இல் ஒரு பங்கு. 27-இன் இருமடி 729. அதன் கனமூலம் 9. ஆகவே தூரம் 9-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 42,700 கிலோமீட்டர். இது பூமியின் மையத்திலிருந்து அளந்தது. பூமியின் ஆரம் 6,400-ஐக் கழித்தால் 36,300. நுட்பமாகக் கணக்கிட்டால் சுமார் 35,800 வரும். சந்திரனை வைத்துக்கொண்டே இவ்வளவு அருகில் வந்துவிட்டோம், பார்த்தீர்களா?

ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றார் கிளார்க். ஒரு விஷயத்தில் மட்டும் ஊகம் பலிக்கவில்லை. அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கியிருப்பார்கள் என்று நினைத்தார். அன்றைய கருவிகளில் இருந்தவை வால்வுகள். அவை கெட்டுப்போனால் மாற்ற ஆள் வேண்டுமல்லவா? 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1964-இல் சின்காம்-3 ஆளே இல்லாமல் அந்த உயரத்தில் நின்றது.

யுத்தம் முடிந்தபின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பௌதிகமும் கணிதமும் படித்து, 1948-இல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு, பௌதிக ஆராய்ச்சிக் கட்டுரைகளின் சுருக்கங்களை வெளியிடும் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியர் வேலை. கதாசிரியருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. 1956-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கடலில் மூழ்கி நீந்துவதில் அவருக்குத் தீராத மோகம். எடையற்ற நிலையைப் பூமியிலேயே ஓரளவு உணர அதுதான் வழி. 2008-இல் காலமாகும் வரை கொழும்புதான் அவர் ஊர்.

இப்போது தீவுக்கு வருவோம். நாவலில் வருவது விண்வெளிக்குச் செல்லும் ஒரு மின்தூக்கி. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்கும் நிலையத்திலிருந்து தரைவரை வடம் தொங்கும். அதன் எடையைச் சமன்செய்ய மேல்நோக்கியும் வடம் நீளும். ரஷ்யப் பொறியாளர் யூரி அர்த்சுதானோவ் 1960-இலேயே வெளியிட்ட யோசனை இது. ஆனால் அசையாமல் நிற்கும் துணைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலேதான் நிற்க முடியும். வேறு எங்கு வைத்தாலும் வடக்கும் தெற்குமாக ஊசலாடும். ஆகவே வடத்தின் அடியும் பூமத்திய ரேகையில் இருந்தாக வேண்டும். இலங்கை இருப்பதோ அதற்கு வடக்கே!

கிளார்க் தீவுக்கு 'தப்ரபேன்' என்ற பழைய கிரேக்கப் பெயரைச் சூட்டினார். மலையின் உயரத்தை இருமடங்காக்கினார். கெப்ளர் விதியை மட்டும் அவர் தொடவில்லை. உங்கள் அட்லஸில் சிவனொளிபாத மலையைத் தேடிப் பாருங்கள். ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருக்கும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால், அவர் ஏன் 800 கிலோமீட்டர் தள்ளினார் என்பது தெரிந்துவிடும்.