எட்டாம் மாடிப் பூந்தொட்டி
(இயக்கம், விசை, ஈர்ப்பு, ஆற்றல் – ஓர் அறிமுகப் பாடம்)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் பஃபலோ சாலை வழியே நடந்து செல்வோர் பெரும்பாலும் மேலே நோக்குவதில்லை. மல்லிகைச் சரமும், வாழையிலைக் கட்டும், தேக்கா நிலையத்துக் காய்கறிக் கூடைகளும் கண்ணைக் கீழேயே நிறுத்திவிடுகின்றன. ஒருமுறை நின்று தலையை உயர்த்திப் பாருங்கள். சந்தையையொட்டி நிற்கும் அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு துணி உலர்கிறது. இதுபோன்ற கட்டடங்களில்தான் சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் குடியிருக்கின்றனர். 1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது முதல் நம் வாழ்க்கை மேல்நோக்கி வளர்ந்து வந்திருக்கிறது. 2009இல் கட்டி முடிக்கப்பட்ட டக்ஸ்டன் பினாக்கல் அடுக்குமாடி 50 மாடிகள் கொண்டது. உயரத்தில் வாழ்பவர்கள் உயரத்தின் இலக்கணத்தை அறிந்திருத்தல் வேண்டும். அந்த இலக்கணமே பௌதிகம்.

பேட்டைச் சமூக மன்றம் ஒன்றில் சில காலத்திற்கு முன்னர் நான் உரையாற்றியபோது, முன் வரிசையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஐயா, எங்கள் வீடு எட்டாம் மாடி. கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு துளசித் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கிலோகூட இருக்காது. ஒரு கையால் தூக்கிவிடுகிறேன். அது விழுந்தால் அப்படி என்ன ஆகிவிடும்?”

சிலர் நகைத்தனர். ஆனால் அது நகைப்பதற்குரிய கேள்வியன்று. கையில் எளிதாய் இருக்கும் பொருள் கீழே சேரும்போது மட்டும் எவ்வாறு கொடியதாகிறது? இக்கேள்விக்கு விடை காண முயன்றால் இயக்கம், விசை, ஈர்ப்பு, ஆற்றல் ஆகிய நான்கு கருத்துகளையும் ஒருசேரக் கற்றுவிடலாம்.

இயக்கமும் நிலைமமும்

சிராங்கூன் சாலையில் பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்கிறீர்கள். ஓட்டுநர் திடீரென்று நிறுத்துகிறார். நீங்கள் முன்னோக்கிச் சாய்கிறீர்கள். உங்களை யாரும் தள்ளவில்லை. பேருந்து நின்றுவிட்டது, உங்கள் உடலோ முன்பு சென்ற வேகத்திலேயே செல்ல முனைகிறது. அவ்வளவே. நின்றிருந்த பேருந்து சட்டென்று புறப்படும்போது நீங்கள் பின்னோக்கிச் சாய்வதற்கும் காரணம் இதுவே.

நிற்கும் பொருள் நின்றுகொண்டேயிருக்கவும், செல்லும் பொருள் அதே திசையில் அதே வேகத்தில் சென்றுகொண்டேயிருக்கவும் முனையும் இப்பண்புக்கு நிலைமம் என்று பெயர். 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஐசக் நியூட்டன் இதனைத் தம் இயக்க விதிகளில் முதலாவதாக அமைத்தார்.

விசை என்பது யாது?

பொருளின் இயக்க நிலையை மாற்றுவது எதுவோ அதுவே விசை. தள்ளுதல், இழுத்தல், உராய்தல் அனைத்தும் விசைகளே. ஒரே அளவு விசையை இலேசான பொருளின்மீது செலுத்தினால் அதன் வேகம் விரைவாக மாறும். கனமான பொருளின்மீது செலுத்தினால் மெதுவாக மாறும். வெறும் தள்ளுவண்டிக்கும் அரிசி மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிக்கும் உள்ள வேறுபாட்டைச் சந்தைக்குச் செல்வோர் அனைவரும் அறிவர். விசையை நியூட்டன் என்னும் அலகால் அளக்கிறோம்.

இப்பொழுது துளசித் தொட்டிக்கு வருவோம். அது அசையாமல் இருக்கிறது. அப்படியானால் அதன்மீது விசையே இல்லையா? இருக்கிறது. பூமி அதனைக் கீழ்நோக்கி ஏறத்தாழ 20 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது. கைப்பிடிச் சுவர் அதே அளவு விசையுடன் மேல்நோக்கித் தாங்குகிறது. இரண்டும் சமமாக இருப்பதால் தொட்டி நிற்கிறது. விடியலுக்கு முன் வீசும் சுமத்ராச் சூறைக்காற்றோ, சுவரைத் துடைக்கும் கையோ, தாவும் பூனையோ தொட்டியைச் சுவரின் விளிம்புக்கு அப்பால் தள்ளிவிட்டால் தாங்கும் விசை மறைந்துவிடும். இழுக்கும் விசையோ எப்போதும்போல் இருக்கும்.

ஈர்ப்பு

பொருண்மை உடைய எந்த இரு பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. பூமியின் பொருண்மை மிகப் பெரிதாகையால் அதன் ஈர்ப்பையே நாம் உணர்கிறோம். பொருண்மையும் எடையும் ஒன்றல்ல என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். பொருண்மை என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு. எடை என்பது அதன்மீது செயற்படும் ஈர்ப்பு விசை. தேக்காவில் வாங்கிய 2 கிலோகிராம் வெங்காயத்தை நிலவுக்கு எடுத்துச் சென்றாலும் பொருண்மை 2 கிலோகிராமே. எடை மட்டும் ஆறில் ஒரு பங்காகக் குறையும்.

கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு கூடுகிறது என்பதே ஈர்ப்பு முடுக்கம். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கப்பூரில் இது வினாடிக்கு 9.78 மீட்டர். துருவங்களில் 9.83 மீட்டர். பூமி சுழல்வதாலும், நடுப்பகுதியில் சற்றுப் பருத்திருப்பதாலும் இவ்வேறுபாடு உண்டாகிறது. கணக்கை எளிதாக்க நாம் 10 மீட்டர் என்று கொள்வோம்.

விழத் தொடங்கி 1 வினாடி கழிந்ததும் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். 2 வினாடியில் 20 மீட்டர். 3 வினாடியில் 30 மீட்டர். விழுந்த தூரமோ இவ்வாறு சீராகக் கூடுவதில்லை. முதல் வினாடியில் 5 மீட்டர், இரண்டாம் வினாடியில் 15 மீட்டர், மூன்றாம் வினாடியில் 25 மீட்டர் என்று ஒற்றைப்படை எண்களின் வரிசையில் வளர்கிறது. தரைத்தளத்தை முதல் மாடியாக எண்ணும் நம் வழக்கப்படி, மாடி ஒன்றுக்குச் சுமார் 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது இது:

5 மீட்டர் (இரண்டாம் மாடிக் கூரையளவு): 1 வினாடி, மணிக்கு 36 கிலோமீட்டர்.
20 மீட்டர் (எட்டாம் மாடி): 2 வினாடி, மணிக்கு 72 கிலோமீட்டர்.
45 மீட்டர் (பதினேழாம் மாடி): 3 வினாடி, மணிக்கு 108 கிலோமீட்டர்.

நம் விரைவுச்சாலைகளில் கார்களுக்கு அனுமதிக்கப்படும் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பதினேழாம் மாடியிலிருந்து தவறிய தொட்டி அதனையும் கடந்த வேகத்தில் நடைபாதையை அடைகிறது.

“கீழே பார்த்துத்தான் போட்டேன்”

மேலிருந்து பொருளை வீசியவர்கள் சிலர் கூறும் சமாதானம் ஒன்று உண்டு: “கீழே யாரும் இல்லை என்று பார்த்துத்தான் போட்டேன்.” இதனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டாம் மாடியிலிருந்து பொருள் தரையை அடைய 2 வினாடி ஆகிறது. சாதாரணமாக நடப்பவர் அந்நேரத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் முன்னேறிவிடுவார். பந்தைத் துரத்தி ஓடும் சிறுவனோ அதனினும் இருமடங்கு தூரம் வந்துவிடுவான். நீங்கள் எட்டிப் பார்த்தபோது அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உங்கள் கண்ணுக்கு மறைவாக இருந்தார்கள். நீங்கள் கையை விட்ட பிறகே வெளியில் வந்தார்கள். நீங்கள் கண்டது 2 வினாடிக்கு முந்திய நடைபாதையை. பொருள் சென்று சேர்வதோ வேறொரு நடைபாதைக்கு.

கூச்சலிட்டு எச்சரித்தால் ஆகாதா? ஓசை 20 மீட்டரைக் கணத்தில் கடந்துவிடும். ஆனால் கேட்டவர் அதனைப் புரிந்துகொண்டு, எந்தப் பக்கம் என்று அறிந்து, விலக வேண்டும். பெரும்பாலோர் முதலில் செய்வது நின்று மேலே பார்ப்பதுதான்.

கனமானது விரைவாக விழுமா?

கனமான பொருள் விரைவாகவும் இலேசான பொருள் மெதுவாகவும் விழும் என்று பலர் எண்ணுகின்றனர். காற்று இல்லையெனில் இரண்டும் ஒன்றாகவே விழும். 1971ஆம் ஆண்டில் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒருங்கே தரையைத் தொட்டன. நம் பேட்டையில் காற்று இறகைத் தடுத்து மிதக்கவிடும். மண் நிறைந்த தொட்டியையோ கண்ணாடிப் புட்டியையோ எட்டு மாடி உயரத்தில் அது குறிப்பிடத்தக்க அளவு தடுப்பதில்லை. ஆகவே “சின்னப் பொருள்தானே, மெதுவாக விழும்” என்பது வீண் ஆறுதல்.

ஆற்றல்

இனி அம்மையாரின் கேள்வியின் மையத்துக்கு வருவோம். துளசித் தொட்டி எட்டாம் மாடிக்குத் தானாக ஏறிச் செல்லவில்லை. மின்தூக்கி அதனை ஏற்றியது. அதற்கு மின்சாரம் செலவாயிற்று. அந்தச் செலவின் ஒரு பகுதி தொட்டியின் உயரத்தில் சேமிக்கப்பட்டுக் கிடக்கிறது. இதனை நிலை ஆற்றல் என்கிறோம். எடையை உயரத்தால் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். 20 நியூட்டன் எடை, 20 மீட்டர் உயரம்: ஆக 400 ஜூல்.

தொட்டி விழும்போது இந்த நிலை ஆற்றல் சிறிது சிறிதாக இயக்க ஆற்றலாக மாறுகிறது. ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றவே இயலும். எனவே தரையை அடையும் தறுவாயில் 400 ஜூலும் வேகமாக உருவெடுத்து நிற்கிறது.

அதே தொட்டி கை நழுவி 20 செண்டிமீட்டர் கீழே உங்கள் கால்மேல் விழுந்தால் அதன் ஆற்றல் 4 ஜூல். அதற்கே நாம் அம்மா என்று அலறிவிடுகிறோம். எட்டாம் மாடியிலிருந்து வருவது அதைப்போல் நூறு மடங்கு. கையில் உணர்வது எடையை மட்டுமே. உயரத்தைக் கை உணர்வதில்லை. அம்மையாருக்கு நான் அளித்த விடை இதுதான்.

விழுந்த பொருள் நிற்கும் தூரம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு பெரிதாகிறது மோதும் விசை. 400 ஜூல் ஆற்றல் 2 செண்டிமீட்டருக்குள் தடுத்து நிறுத்தப்பட்டால் சராசரி விசை 20,000 நியூட்டன். 2 டன் சுமையின் எடைக்கு இது நிகர். மனித மண்டையோடு தாங்கும் செயலன்று. பொருள் சிறிதாயினும் உயரம் ஈடுசெய்துவிடும். கைவிளக்கில் இடும் 150 கிராம் மின்கலம் பதினேழாம் மாடியிலிருந்து விழுந்தால், 2 கிலோகிராம் தொட்டி 3 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும்.

இவை ஏட்டுக் கணக்குகள் மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தனியார் அடுக்குமாடி ஒன்றின் ஏழாம் மாடியிலிருந்து வீசப்பட்ட கண்ணாடிப் புட்டி, கீழே குடும்பத்தாருடன் இருந்த முதியவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. வீசியவருக்கு 2022இல் ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு கணத்து வீச்சு இரண்டு குடும்பங்களின் வாழ்வை மாற்றிவிட்டது.

மூங்கிலும் சன்னலும்

துணி உலர்த்தும் மூங்கில் கழியிலும் ஒரு பாடம் உண்டு. கதவைக் கீலின் அருகே தள்ளிப் பாருங்கள். பிறகு கைப்பிடியின் அருகே தள்ளிப் பாருங்கள். தாங்குமிடத்திலிருந்து தொலைவு கூடக்கூட, அதே விசை கூடுதலாகத் திருப்புகிறது. மூங்கிலின் நுனியில் ஈரமான போர்வையைத் தொங்கவிட்டால், அடியில் அதனைப் பிடித்திருக்கும் குழாயின்மீது விழும் திருப்புத்திறன் மிகும். கனமான துணி சுவரருகே, இலேசான துணி நுனியருகே என்பது நல்ல முறை. கழியையும் அதன் இடத்தில் அசையாதபடி பிணைத்திட வேண்டும்.

வெளிப்புறம் திறக்கும் சன்னல்களைத் தாங்கும் அலுமினிய ரிவெட் ஆணிகள் நாளடைவில் அரித்துப்போகின்றன. எடை மாறாது, தாங்கும் வலிமை மட்டும் குறைந்துகொண்டே வரும். ஆதலால்தான் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்ற வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு முதல் சட்டம் வீட்டுரிமையாளர்களைப் பணிக்கிறது. பராமரிப்பின்மையால் சன்னல் விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

பிள்ளைகளுடன் அமர்ந்து மூன்று சோதனைகளைச் செய்யலாம். மூன்றையும் வீட்டிற்குள்ளேயே, மேசை உயரத்திற்குள் செய்ய வேண்டும்.

1. ஒரு நாணயத்தையும் ஓர் அழிப்பானையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விடுக. எது முதலில் விழுகிறது?

2. ஒரு தாளை விரித்தபடி விடுக. பின்னர் அதே தாளைக் கசக்கி உருண்டையாக்கி விடுக. எடை மாறவில்லை, மாறியது யாது?

3. தட்டில் மாவைப் பரப்பி, ஒரு கோலிக்குண்டை 10 செண்டிமீட்டர், 20 செண்டிமீட்டர், 40 செண்டிமீட்டர் உயரங்களிலிருந்து விடுக. குழிகளை ஒப்பிடுக. குண்டு ஒன்றே, குழி ஏன் வளர்கிறது?

மூன்றாம் சோதனையின் விடையைப் பிள்ளை தானே கூறிவிட்டால், பிறகு கைப்பிடிச் சுவரை அவனுக்கோ அவளுக்கோ காட்டுங்கள். விளக்கம் தேவைப்படாது.

உரை முடிந்ததும் அந்த அம்மையார் மீண்டும் என்னிடம் வந்தார். “துளசியை வீட்டில் வைக்கவே கூடாதா, ஐயா?” என்று வருத்தத்துடன் கேட்டார். “தாராளமாக வையுங்கள், அம்மா. சுவரின்மேல் வேண்டாம், உள்ளே, வெயில் படும் மூலையில், தரையில் வையுங்கள்” என்றேன். தரையில் இருக்கும் தொட்டிக்கு விழுவதற்கு இடமில்லை.