அடிக்கோடு பூட்டாகுமா?

கேள்வி: பௌர்ணமி கிரிவலத்துக்கு வருவோர் விடுதி அறை முன்பதிவு செய்யும் இணையப் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதும்போது, காலி அறைகளின் எண்ணிக்கையை நிரலின் பிற பகுதிகள் மாற்றிவிடாமல் காப்பது எப்படி?
— ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: தரவையும் அதைக் கையாளும் செயற்கூறுகளையும் கிளாஸ் எனப்படும் இனக்குழுவுக்குள் ஒன்றாக வைத்து, வெளியிலிருந்து தரவை நேரடியாகத் தொட முடியாதபடி செய்வதே உறைபொதியாக்கம். சி பிளஸ் பிளஸ் மொழியில் இதற்கு 'பிரைவேட்' என்ற சொல் உண்டு; ஜாவாஸ்கிரிப்டிலோ 2015இல் கிளாஸ் தொடரியல் வந்தபோதும் அவ்வசதி வராததால், பண்பின் பெயருக்கு முன் அடிக்கோடு இட்டு 'தொடக்கூடாது' என உணர்த்துவது நிரலாளரிடையே வெறும் வழக்கமாக நிலைத்தது; அதை மீறினாலும் நிரல் தடையின்றி ஓடும். ஜாவாஸ்கிரிப்டுக்கான எக்மாஸ்கிரிப்ட் தரநிலையின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு '#' குறியின் வழியாக இக்குறையைத் தீர்த்தது. '#காலிஅறைகள்' என அறிவிக்கப்பட்ட பண்பைக் கிளாஸுக்கு வெளியே எழுதினாலே தொடரியல் பிழை எழுமாதலால், அந்த எண்ணிக்கை பதிவுசெய்தல், ரத்துசெய்தல் ஆகிய செயற்கூறுகளின் வழியாக மட்டுமே மாறும். அறை மீதமில்லாதபோது பதிவை மறுக்கும் விதியையும் அவற்றுக்குள்ளேயே அமைக்கலாம். ஜாவாஸ்கிரிப்டை விரிவாக்கிய டைப்ஸ்கிரிப்ட் மொழியின் 'பிரைவேட்' சொல்லோ நிரல் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும்போது சரிபார்க்கப்பட்டு, பின்னர் நீங்கிவிடுகிறது. எனினும் இவை நிரலாளரின் தவறுகளுக்கு எதிரான காப்பே ஆகும். பிரவுசரில் இயங்கும் நிரலைப் பயனர் மாற்றிவிட இயலும் என்பதால், அறை உண்டா என்ற இறுதிச் சரிபார்ப்பு சர்வரிலேயே நடைபெற வேண்டும்.