வாள் யாருடையது, வீரன் யாருடையவன்?

கேள்வி: நானும் நண்பனும் வாரக் கடைசியில் மேஜிக்: தி கேதரிங் ஆடுகிறோம். ஈக்விப்மென்ட் கார்டு மேஜைக்கு வந்தாலே வாக்குவாதம்தான். போன ஆட்டத்தில் மட்டும் மூன்று.

ஒன்று: என் கிரீச்சருக்கு லைட்னிங் கிரீவ்ஸ் மாட்டியிருந்தேன். அதற்கே லாக்ஸோடான் வார்ஹாமரையும் மாட்டப் போனேன். முடியாது என்றான். சரி, கிரீவ்ஸைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். அதுவும் முடியாதாம்.

இரண்டு: நான் இரண்டு கிரீச்சர்களால் தாக்கினேன். வார்ஹாமர் மாட்டியிருந்ததை அவன் தடுத்துவிட்டான். தடுக்கப்படாத இன்னொன்றுக்கு அதை மாற்றப் பார்த்தேன். அதையும் மறுத்தான்.

மூன்று: சோர்டு ஆஃப் லைட் அண்ட் ஷேடோ மாட்டிய என் கிரீச்சரை ஆக்ட் ஆஃப் ட்ரீசன் போட்டுப் பறித்து என்னையே அடித்தான். வாள் தரும் 3 உயிர்ப் புள்ளிகள் தனக்கே என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: முதல் இரண்டில் உங்கள் நண்பர் சொன்னது சரி. மூன்றாவதில் 3 புள்ளிகளும் உங்களுக்கே. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மேஜையில் ஆயுதம் ஒரு கார்டு, அதை ஏந்துகிற கிரீச்சர் வேறொரு கார்டு. மாட்டிய பிறகும் அவை இரண்டாகவே இருக்கின்றன.

2003-இல் மிரோடின் தொகுப்போடு ஈக்விப்மென்ட் வந்தது. அதற்கு முன்பு கிரீச்சரைப் பலப்படுத்தப் பெரும்பாலும் ஆரா கார்டுகளையே நம்ப வேண்டும். கிரீச்சர் செத்தால் ஆராவும் கூடவே கிரேவ்யார்டுக்குப் போய்விடும். எதிராளியின் ஒரே கார்டுக்கு நம்முடைய இரண்டு பலி. ஈக்விப்மென்ட் அப்படியில்லை. ஏந்தியவன் விழுந்தாலும் ஆயுதம் களத்தில் கிடக்கும், அடுத்தவனுக்கு மாட்டலாம். இந்த வசதி எவ்வளவு தூரம் போகும் என்பதை அடுத்த ஆண்டே ஸ்கல்கிளாம்ப் காட்டியது. அது பலத்தில் ஒன்றைக் கூட்டி, தாங்கும் சக்தியில் ஒன்றைக் குறைக்கும். ஏந்தியவன் செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். 1/1 கிரீச்சருக்கு ஒரு மானா கொடுத்து மாட்டினால் அது அங்கேயே சாகும், கையில் இரண்டு கார்டு சேரும், கிளாம்ப் அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும். 2004 ஜூனில் ஸ்டாண்டர்ட் ஆட்டத்தில் அதைத் தடை செய்தார்கள்.

இப்போது உங்கள் முதல் தகராறு. ஈக்விப் என்பது விலை கொடுத்து இயக்கும் ஒரு திறன். உங்கள் வசமுள்ள ஒரு கிரீச்சரை டார்கெட் செய்து, ஆயுதத்தை அதனுடன் இணைக்கிறது. விதிநூலின் 702.6 சொல்வது இதைத்தான். அந்த ‘டார்கெட்’தான் உங்களை மடக்கியது. கிரீவ்ஸ் தருவது ஷ்ரவுட். ஷ்ரவுட் உள்ள கிரீச்சரை எதிராளி மட்டுமல்ல, நீங்களும் டார்கெட் செய்ய முடியாது. ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ் தருவதோ ஹெக்ஸ்ப்ரூஃப். அது எதிராளியை மட்டுமே தடுக்கும். பூட்ஸ் போட்ட கிரீச்சருக்குத் தாராளமாக வார்ஹாமரை மாட்டலாம்.

கழற்றுவதற்கென்று ஈக்விப் விதியில் தனி வழி இல்லை. வேறொரு கிரீச்சருக்கு மாற்றினால்தான் முதல் கிரீச்சரிலிருந்து கழலும். உங்களிடம் இன்னொரு கிரீச்சர் இருந்திருந்தால் வழி இருந்தது. கிரீவ்ஸின் ஈக்விப் விலை பூஜ்யம். அதை இரண்டாவது கிரீச்சருக்கு மாற்றி, முதல் கிரீச்சருக்கு 3 மானாவில் வார்ஹாமரை மாட்டி, கிரீவ்ஸைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். ஷ்ரவுட் வந்த பிறகும் ஏற்கெனவே மாட்டிய வார்ஹாமர் கழலாது. ஆனால் கிரீவ்ஸ் விலகியிருக்கும் அந்த இடைவெளியில் எதிராளி இன்ஸ்டன்ட் போட்டு முதல் கிரீச்சரைக் கொல்லலாம். வார்ஹாமரின் ஈக்விப் ஸ்டாக்கில் இருக்கும்போது அப்படி நடந்தால் கொடுத்த 3 மானா போனதுதான். வார்ஹாமர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டும் கையில் இருக்கும்போது முதலில் வார்ஹாமர், பிறகு கிரீவ்ஸ் என்று போட்டுப் பழகுங்கள்.

இரண்டாவது தகராறில் சிக்கல் நேரம். ஈக்விப்பை சோர்சரி போடக்கூடிய வேளையில் மட்டுமே இயக்கலாம்: உங்கள் முறை, மெயின் ஃபேஸ், ஸ்டாக் காலி. தாக்குதல் அறிவித்த பிறகு அதற்கு இடமில்லை. லியோனின் ஷிகாரி போன்ற கார்டு உங்களிடம் இருந்தால் இன்ஸ்டன்ட் வேகத்தில் மாற்றலாம்; இல்லையென்றால் இரண்டாவது மெயின் ஃபேஸ் வரை பொறுக்க வேண்டும். அந்த ஃபேஸை வீணாக்காதீர்கள். தாக்கிக் களைத்த கிரீச்சரிடமிருந்து டேப் ஆகாத ஒன்றுக்கு ஆயுதத்தை மாற்றினால் எதிராளியின் முறையில் அது தடுப்புக்கு நிற்கும். மானா இருக்கும்வரை ஒரே முறையில் எத்தனை தடவையும் மாற்றலாம். அப்போதுதான் இறங்கிய கிரீச்சருக்கும் மாட்டலாம். மாற்றுமுன் காயத்தைப் பாருங்கள். வாளால் 4/4 ஆகியிருந்த 2/2 கிரீச்சர் சண்டையில் 3 அடி வாங்கியிருந்தால், வாளை எடுத்த கணமே செத்துவிடும். காயம் அந்த முறை முடியும்வரை ஆறாது.

மூன்றாவது. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு போனாலும் குடை உங்களுடையதுதானே? ஆக்ட் ஆஃப் ட்ரீசன் கிரீச்சரைத்தான் கைமாற்றுகிறது. வாள் அதனுடன் இணைந்தே இருந்தாலும் உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. அதனால் நண்பர் அதைத் தன் வேறொரு கிரீச்சருக்கு மாற்ற முடியாது. அடி விழுந்ததும் தூண்டப்படுவது வாளின் திறன். அதில் ‘நீங்கள்’ என்பது வாளைக் கட்டுப்படுத்துபவர். அடி வாங்கியதும் நீங்கள், 3 புள்ளிகள் பெறுவதும் நீங்கள்! உங்கள் கிரேவ்யார்டிலிருந்து ஒரு கிரீச்சர் கார்டையும் கைக்கு எடுத்திருக்கலாம்.

அந்தக் கிரீச்சர் ஏந்தியிருந்தது வார்ஹாமர் என்றால் கதை மாறும். வார்ஹாமர் கிரீச்சருக்கு லைஃப்லிங்க் தருகிறது. அந்தத் திறன் கிரீச்சருடையதாகிவிடுவதால் புள்ளிகள் நண்பருக்கே. எனவே கார்டில் வாக்கியம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். ‘ஏந்திய கிரீச்சர் அடிக்கும்போதெல்லாம் நீங்கள்...’ என்றிருந்தால் பலன் ஆயுதக்காரருக்கு. ‘ஏந்திய கிரீச்சருக்கு இன்ன திறன் உண்டு’ என்றிருந்தால் பலன் கிரீச்சர்காரருக்கு.

உங்கள் கிரீச்சர் சோர்டு ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ் ஏந்தியிருந்தால் இந்தத் திருட்டே நடந்திருக்காது. அது சிவப்பிலிருந்தும் நீலத்திலிருந்தும் பாதுகாப்பு தருகிறது. ஆக்ட் ஆஃப் ட்ரீசன் சிவப்பு, டார்கெட் செய்ய முடியாது. ஆனால் அதே பாதுகாப்பு உங்களையும் கட்டும். 2019-இல் வந்த எம்பர்கிளீவ் சிவப்பு நிற ஈக்விப்மென்ட். அதை ஏந்திய கிரீச்சருக்கு இந்த வாளையும் மாட்டினால் எம்பர்கிளீவ் கழன்று களத்தில் விழும்.

அடுத்த தடவை வாக்குவாதம் வந்தால் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்: ஆயுதம் யார் கட்டுப்பாட்டில்? இது சோர்சரி போடும் நேரமா? அந்தக் கிரீச்சரை டார்கெட் செய்ய முடியுமா? இவற்றுக்கு விடை தெரிந்தால் பெரும்பாலான ஈக்விப் தகராறுகள் விதிநூலைத் திறக்காமலே தீரும்.