மற்போர் விளையாட்டில் மதிப்பெண் உயர்த்தும் முறை

மல்லர்கள் மேடையில் மோதுவதைக் கண்டு களித்தவர் நம்மிற் பலர். அம்மோதலைத் திட்டமிட்டு நடத்தும் பொறுப்பேற்றுக் கணிப்பொறியில் விளையாடுபவர் சிலர். அச்சிலருள் நானும் ஒருவன். விடுதி நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: “சிறந்த மல்லர் இருவரை மோதவிட்டும் ஆட்டத்தின் மதிப்பெண் ஏன் உயரவில்லை?” இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் இயல்பு

நான் எடுத்துக்கொண்டது ‘டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்’ என்னும் விளையாட்டு. ஆங்கிலேயரான ஆடம் ரைலண்ட் இதனை ஆக்கினார். அவர் முன்னர் இலவசமாக வழங்கிவந்த ‘எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர்’ என்பதன் வழித்தோன்றல் இது. ஈண்டுக் கூறுவன 2016, 2020ஆம் ஆண்டுப் பதிப்புகளைத் தழுவியவை.

இதில் நாம் மல்லர் அல்லோம். மற்போர்க் குழுவொன்றின் தலைவர். யாரை அமர்த்துவது, யாரோடு யாரை மோதவிடுவது, எத்தனை நிமிடம் அளிப்பது, யாரை வெல்லச் செய்வது என அனைத்தையும் நாமே முடிவு செய்கிறோம். தொழில்முறை மற்போரில் வெற்றியும் தோல்வியும் முன்னரே உறுதி செய்யப்படுவன. ஆகவே, ‘யார் வென்றார்?’ என்பது இங்கு வினாவன்று. ‘ஆட்டம் எவ்வளவு நன்றாக அமைந்தது?’ என்பதே வினா. அதற்கு விடையாக 100க்கு இத்தனை என்று ஓர் எண் கிடைக்கிறது.

இரண்டு அடிப்படைகள்

அவ்வெண்ணின் அடிப்படைகள் இரண்டு. ஒன்று செல்வாக்கு, அதாவது அவ்வட்டாரத்து மக்கள் அம்மல்லரை எவ்வளவு அறிந்து போற்றுகிறார்கள் என்பது. மற்றொன்று திறன். பிடி, அடி, பாய்ச்சல் ஆகியவற்றோடு, பட்ட அடியை மெய்யெனக் காட்டும் ஆற்றலும், ஆட்டத்தை ஒரு கதைபோல் வளர்த்துச் செல்லும் மதிநுட்பமும் இதில் அடங்கும்.

இவ்விரண்டின் வேறுபாட்டை ஒரே நாளில் காட்டிய நிகழ்ச்சி 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் பான்டியாக் நகரில் நடந்த மூன்றாம் ரெஸில்மேனியா. அன்று ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடிய ஆட்டம் திறனுக்குச் சான்றாக இன்றும் பேசப்படுகிறது. அதே மேடையில் ஹல்க் ஹோகனும் பேருருவினரான ஆந்த்ரேயும் பொருதது செல்வாக்கிற்குச் சான்று. ஆந்த்ரே அப்போது உடல்நலங்குன்றி விரைந்து நகரவும் இயலாதிருந்தார். ஆயினும் அரங்கு நிறைந்தது அவ்விருவருக்காகவே.

நம் குழுவின் ரசிகர்கள் எதனை மிகுதியாக விரும்புகின்றனர் என்பதை விளையாட்டே நமக்குக் காட்டிவிடுகிறது. செல்வாக்கைப் போற்றும் குழுவில் திறன் மட்டும் உடைய புதியவரை இறுதியாட்டத்தில் நிறுத்தினால் எண் இறங்கும். எனவே முதலில் நோக்கத்தக்கது மல்லரையன்று, குழுவின் இயல்பையே.

மதிப்பெண் கசியும் வழிகள்

பானையில் நீர் ஊற்றுமுன் ஓட்டையை அடைத்தல் அறிவுடைமை. புகழ்பெற்ற மல்லரைப் பெரும்பொருள் கொடுத்து அமர்த்துமுன் கீழ்க்காணும் நான்கையும் ஆராய்க.

1. காலம். நீண்ட ஆட்டம் உயர்ந்த ஆட்டம் என்பது தவறான எண்ணம். உடலுரம் குறைந்தவர் பாதியிலேயே களைத்துவிடுவர்; மதிநுட்பம் குறைந்தவர் நீண்ட நேரத்தை நிரப்ப அறியார். 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோவில் கசுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 46 நிமிடங்களுக்கு மேல் ஆடினர். ஐந்து விண்மீன் அளவைக்கு விமரிசகர் டேவ் மெல்ட்சர் ஆறு வழங்கினார். இதனைக் கண்டு நம் குழுவின் இளைஞருக்கும் 46 நிமிடம் அளித்தல் பொருந்தாது. பத்து நிமிடத்தில் ஒளிர்பவரை முப்பது நிமிடம் நிறுத்தினால் ஒளி மங்கும்.

2. இணை. சிலர் சிலரோடு சேரின் சிறப்பர். வேறு சிலரோடு சேரின் தேய்வர். இப்பொருத்தம் மறைந்திருப்பது, இருவரும் மோதிய பின்னரே ஆட்டக்குறிப்பில் தெரியவரும். ஆகவே புதிய இணைகளை நிகழ்ச்சி தொடங்குமுன் நடக்கும் முன்னோட்ட ஆட்டங்களில் சோதித்துக்கொள்க. இறுதியாட்டத்தில் சோதித்தல் ஆகாது.

3. அறிவுரை. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் நெறியாளர் ஒருவர் உண்டு. அவர்வழி நாம் மல்லர்க்குக் குறிப்புத் தரலாம். மதிநுட்பம் மிக்கவரிடம் ‘மேடையிலேயே முடிவு செய்க’ என்று விட்டுவிடலாம். அஃதில்லாதவர்க்கு ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டி எழுதிக் கொடுத்தல் நலம். ஆற்றல் மிக்கவர்க்கும் முன்திட்டம் இழுக்கன்று. மேற்சொன்ன சாவேஜ், அசைவுகளை முன்னரே வரிசையாக வகுத்துப் பயின்ற பின்னரே ஆடுபவர்.

4. வரிசை. கூட்டத்தின் உணர்ச்சி அளவுக்குட்பட்டது. தொடக்கத்திலேயே அடுத்தடுத்து மூன்று கொந்தளிப்பான ஆட்டங்களை வைத்தால், இறுதியாட்டத்திற்கு முன்பே கூட்டம் சோர்ந்துவிடும். இடையே ஓர் எளிய ஆட்டத்தை அமைத்தல் வேண்டும். அவ்வெளிய ஆட்டம் 100க்கு 40 பெறினும் கவலையில்லை. அதன் பணி தானே ஒளிர்வதன்று, பின்வருவதை ஒளிரச் செய்வது.

சோதிக்கும் முறை

இந்நான்கையும் ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்று அறியமாட்டோம். நான் ஆய்வுக்கூடத்தில் கற்ற விதியே இங்கும் உதவுகிறது: ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுக.

விளையாட்டைச் சேமித்து வைத்துக்கொள்க. முன்பே மோதிப் பழகிய இணை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 12 நிமிட ஆட்டத்தைப் பலமுறை நடத்தி எண்களைக் குறிப்பேட்டில் எழுதுக. சேமித்த இடத்திற்கே மீண்டு, வேறெதனையும் மாற்றாமல் 20 நிமிடமாக்கி அவ்வாறே செய்க. பின்னர் இரு சராசரிகளையும் ஒப்பிடுக.

ஒரே ஆட்டத்தைத் திரும்ப நடத்தினும் ஒரே எண் வாராது. தற்செயலுக்கும் அதில் பங்குண்டு. எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, அதாவது திட்ட விலக்கம், 4 என்று கொள்வோம். 4 முறை நடத்தினால் சராசரியின் பிழை 2. 16 முறை நடத்தினால் 1. சோதனை நான்கு மடங்கானால் பிழை பாதியாகும். எனவே ஒருமுறை 71 வந்து மறுமுறை 74 வந்தவுடன், ‘வழி கண்டேன்!’ என்று கூவுதல் அறிவியலாகாது. நிலைத்தன்மை குறைந்த மல்லரைச் சோதிக்கையில் இதனை மும்மடங்கு நினைவிற்கொள்க.

எண் யாருடையது?

இவ்வாறு சோதிப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஆட்டக்குறிப்பில் 48 என்று வந்தால், அதனை மல்லரின் விலையாகக் கொள்வது நம் வழக்கம். மறுநாளே அவரை நீக்கியும் விடுகிறோம். ஆனால் அவ்வெண் மல்லருக்கு மட்டும் உரியதன்று. அவருக்கு அளித்த நேரமும், சேர்த்த துணையும், கூறிய அறிவுரையும், நிறுத்திய இடமும் அதில் கலந்துள்ளன. இந்நான்கும் நம் கைவினை. அவற்றைச் சோதியாமல் ஒருவரை நீக்குதல், கோணிய தராசில் நிறுத்துவிட்டுப் பொன்னைப் பழிப்பதாகும்.

நண்பர்களே! இது விளையாட்டோடு நிற்பதன்று. ஊரில் தமிழ் வழியாகப் பயின்று, மொழி புரியாத இவ்வடபுலத்துக்கு வந்து, முதற் பருவத்தில் குறைந்த எண் பெற்றுத் தலைகுனிந்திருக்கும் மாணவர் ஆண்டுதோறும் நம் சங்கத்திற்கு வருகின்றனர். அவ்வெண்ணைக் கண்டு அவரை அளவிடாமல், அவருக்கு ஏற்ற துணையும் நேரமும் கிடைத்தனவா என்று நாம் வினவுதல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அவரோடு இணைந்து நிற்க ஒருவர் முன்வந்தாலும் போதும், ஒன்றை மாற்றிவிட்டோம். அடுத்த பருவத்தின் எண்ணை அதன்பின் பார்ப்போம்.