போன் பையில், கண் தெருவில்



கோடை லீவு வந்தால் நம்ம பிள்ளைகள் போனும் கையுமாக மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதே போனை வைத்து அவர்களைத் தெருவுக்கு இழுத்தால் என்ன? எங்கள் குழுவில் ஓர் உறுப்பினரின் மகள், பத்தாவது படிப்பவள், பிறந்து வளர்ந்தது காஞ்சிபுரத்தில்தான். கைலாசநாதர் கோயிலை இன்னும் பார்த்ததில்லையாம். அதைக் கேட்டுத்தான் இந்தப் பாடத்தை எடுத்தோம்.

சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலை வைத்து, நாம் நிற்கும் இடத்தைப் போன் கணக்குப் போடுகிறது. 2000 மே மாதம்வரை பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வைத்திருந்தது. அதை நிறுத்திய வாரமே அங்கே ஒருவர் காட்டில் வாளியை ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை மட்டும் சொல்லித் தேடச் சொன்னார். 2016-ல் வந்த போகிமான் கோ விளையாட்டும் அந்த வழிதான்.

இங்கிலாந்தில் 'சவானா' என்று ஒரு சோதனை விளையாட்டு நடத்தினார்கள். மைதானத்தில் பிள்ளைகள் சிங்கமாக மாறிச் சேர்ந்து வேட்டையாட வேண்டும். பக்கத்தில் நிற்கும் தோழியையே கருவி வேறு இடத்தில் இருப்பதாகக் காட்ட, பிள்ளைகள் திணறிப்போனார்கள். கோபுரமும் மதிலும் உயர்ந்த நம்ம ஊரிலும் சிக்னல் தள்ளித்தான் காட்டும். அதனால் "இந்தத் தூண்" என்று குறிக்காமல், தெருமுனை முழுவதையும் ஓர் இடமாக வையுங்கள்.

கோயிலுக்குள் போன் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நமக்கு அது நல்லதே. வரதராஜப் பெருமாள் கோயில் வாசல்வரை போன் வழிகாட்டட்டும். அங்கே போனைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலியைக் கண்ணால் பார்த்துவந்து பதில் சொல்லட்டும்.

பிள்ளையார்பாளையம் பக்கம்தான் சிக்கல். "பாவு நீட்டியிருக்கிற நேரத்துல போனைப் பார்த்துக்கிட்டே ஓடிவந்து இழையை அறுத்தா யாரு பிணைக்கிறது?" என்று ஓர் அக்கா கேட்டார். நியாயம்தானே! ஒரு பாவு ஒரு குடும்பத்தின் பல நாள் கூலி. அதனால் பாவு வேலை முடிந்த பிறகே ஆட்டம். ஓடக்கூடாது. போன் பையில் இருக்கும், சத்தம் கேட்டால் மட்டும் எடுக்கலாம். நாலு பேருக்கு ஒரே போன். அதுவும் பெண்பிள்ளை கையில். பிள்ளைகள் நிற்கும் இடம் நமக்குத் தெரிந்தால் போதும், வெளியாருக்குத் தெரியவே கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, நேரில் போய்ப் பார்த்தால் மட்டுமே பதில் தெரிகிற ஒரு கேள்வியை உங்கள் தெருவிலிருந்து எழுதி வாருங்கள்.