நடுகல்லும் மறுவுலகும்

பண்டைத் தகடூரே இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட அந்நிலத்தில் நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுட் பல தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரரின் உருவமும் பெயரும் அக்கற்களில் பொறிக்கப்பட்டிருக்கும். பல்லவர் காலத்துக் கற்களில் அமைந்தவை வட்டெழுத்துகளாம். பிற்காலக் கற்கள் சிலவற்றில், மாண்ட வீரனைத் தேவமகளிர் இருபுறமும் பற்றி வானுலகிற்கு அழைத்துச் செல்லும் காட்சியும் உண்டு.

களத்தில் மடிந்த வீரர் துறக்கம் எய்துவர் என்பது பழந்தமிழர் கொள்கை. நோயுற்று இறந்த அரசரையும் தருப்பைப் புல்லில் கிடத்தி, வீரர் செல்லும் உலகிற்குச் செல்க என வாளால் பிளந்து அடக்குவர். அதியமானை ஔவையார் பாடிய 93ஆம் புறப்பாட்டு இவ்வழக்கத்தை அறிவிக்கின்றது.

நெடுந்தொலைவிலுள்ள வட ஐரோப்பிய மக்களிடத்தும் இதனையொத்த எண்ணம் நிலவியது. ஐசுலாந்து நாட்டு அறிஞர் சுனோரி 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘எட்டா’ என்னும் உரைநடை நூல் அதனை விளக்கும். போரில் வீழ்ந்தோருள் தேர்ந்தெடுத்தவர்களை வால்கிரிகள் எனப்படும் கன்னியர் தலைமைக் கடவுளாகிய ஓடினின் மண்டபத்திற்குக் கொண்டு செல்வர். நோயாலும் மூப்பாலும் இறந்தோரோ, ஹெல் என்னும் தேவியின் கீழுலகை அடைவர். அவளுடல் பாதி கருநீலம். பாதி மனித நிறம். அவளுடைய உண்கலத்தின் பெயர் பசி. கத்தியின் பெயர் பஞ்சம்.

ஒருகால் ஓடினின் அருமை மைந்தன் பால்டர் வஞ்சனையால் கொல்லப்பட்டான். களத்தில் படாமையால் அவனும் ஹெல்லிடமே சென்றான். அவனை மீட்கத் தூதன் ஒன்பது இரவுகள் குதிரையூர்ந்து சென்று இறைஞ்சினான். “உலகிலுள்ள பொருள்கள் யாவும் அவனுக்காக அழுமாயின் விடுவேன், ஒன்று மறுப்பினும் விடேன்” என்றாள் தேவி. மக்களும் விலங்குகளும் அழுதனர். மரமும் கல்லும் அழுதன. அரக்கி ஒருத்தி மட்டும் அழ மறுத்தாள். பால்டர் மீளவில்லை.

படுக்கையில் இறந்தாரைத் தாழ்வாகவும் களத்தில் இறந்தாரை உயர்வாகவும் இரு நாட்டாரும் எண்ணினர். ஆயினும் பிரிவின் துயரம் அவ்வேறுபாட்டை அறியுமோ? போரில் மாண்ட அதியமானுக்குக் கல் நட்டு, பீலி சூட்டி, கள் படைத்தனர். வீரருலகம் அவனுக்கு உரியதே எனினும் ஔவையாரின் உள்ளம் ஆறவில்லை. அக்கள்ளை அவன் ஏற்பானோ என வினவி நைந்தார். கண்ணீரால் மாண்டாரை மீட்டல் இயலாது. அவர்தம் பெயரைக் காத்தல் இயலும். தகடூர் மண்ணின் நடுகற்கள் அதனையே செய்கின்றன.